ஒரே அளவீடு, இரண்டு ஜெல்கள்: உப்பு மிகுந்த ஷாம்பு குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

சாஷே ஷாம்பு வணிகம் வேர்விட்ட கடலூர்–புதுச்சேரி வட்டாரத்தில், பிற நிறுவனங்களின் பெயரில் ஷாம்பு தயாரித்துக் கொடுக்கும் சிறிய ஒப்பந்த ஆலை ஒன்றில் நடந்தது இது. ஒரு டன் கொள்ளளவுள்ள இரண்டு கலவை டேங்குகள், மெதுவாகச் சுழலும் துடுப்புகள், ஒரு சாஷே நிரப்பும் இயந்திரம், பாட்டில் நிரப்பும் வரிசை ஒன்று, பாகுத்தன்மையை அளக்கும் ஒரு விஸ்கோமீட்டரும் பி.எச். மீட்டரும் தராசும் உள்ள சிறு ஆய்வகம் ஆகியவையே அங்கிருந்த வசதிகள். டேங்குகளுக்கு வெந்நீர் உறை கிடையாது. எல்லாத் தயாரிப்பும் அறை வெப்பநிலையில்தான் நடக்கும். பின்னர் எடுத்த முடிவுகளில் இந்தக் குறை பெரும் பங்கு வகித்தது.

ஆலை பல ஆண்டுகளாகச் செய்துவந்த தெளிந்த பச்சை நிற ஷாம்புவில், நுரைத்து அழுக்கு நீக்கும் முதன்மைச் சர்ஃபாக்டன்ட்டான எஸ்.எல்.ஈ.எஸ்.ஸின் எழுபது சதவீதப் பேஸ்ட் 15 சதவீதம், துணைச் சர்ஃபாக்டன்ட்டான பீட்டெய்ன் கரைசல் 5 சதவீதம், கெட்டிப்படுத்தவும் நுரையை நிலைநிறுத்தவும் உதவும் கோக்கமைடு டி.ஈ.ஏ. 2 சதவீதம், கெட்டிப்படுத்தும் சாதாரண உப்பு 0.8 சதவீதம் என்ற அளவுகள் இருந்தன. கோக்கமைடு டி.ஈ.ஏ.வைக் கலிஃபோர்னியா மாநிலம் 2012 இல் புற்றுநோய் எச்சரிக்கைப் பட்டியலில் சேர்த்தது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2013 இல் வெளியிட்ட தன் 101ஆம் தொகுதியில் அதை, புற்றுநோயை உண்டாக்கக்கூடும் எனப்படும் 2பி பிரிவில் வைத்தது. அதன் பிறகு ஏற்றுமதி நோக்குடைய வாங்குநர்கள் ஒவ்வொருவராக அதை நீக்கச் சொல்லத் தொடங்கினார்கள். இந்த ஆலையின் வாங்குநரும் கேட்டார். அக்டோபர் மாதத்தில் அந்தப் பொருள் நீக்கப்பட்டு, பீட்டெய்ன் 10 சதவீதமாக உயர்த்தப்பட்டது. உப்புக்கு நேராக, 1.0 முதல் 1.8 சதவீதம் வரை, தேவைக்கேற்ப என்று பேட்ச் தாளில் எழுதப்பட்டது.

"தேவைக்கேற்ப" என்ற அந்த ஒரு சொல்லில்தான் பின்னால் வந்த தொல்லை அத்தனையும் அடங்கியிருந்தது.

அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான பேட்ச்களில் ஒரு டன்னுக்கு 12 முதல் 13 கிலோ உப்பு போதுமானதாக இருந்தது. 25 டிகிரியில் 5,000 முதல் 7,000 சென்டிபாய்ஸ் வரை இருக்க வேண்டும் என்ற வரையறைக்குள் பாகுத்தன்மை சிரமமின்றி நின்றது. ஜனவரியில் இரண்டு மாற்றங்கள் ஏறத்தாழ ஒரே வாரத்தில் நிகழ்ந்தன: வாங்குநர் புதிய வாசனையைத் தேர்ந்தெடுத்தார், கொள்முதல் பிரிவு பீட்டெய்னை வேறொரு விற்பனையாளரிடம் வாங்கத் தொடங்கியது. இரண்டுமே வழக்கமான ஒப்புதல் பெற்றவை. வாசனை மாறினால் ஜெல்லின் கட்டமைப்பும் மாறக்கூடும் என்பதை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

முதல் அறிகுறிகள்

ஜனவரி இறுதியில், உதகமண்டலத்தில் ஒரு கடைக்குச் சென்ற பாட்டில்களில் சில பால்போல் மங்கியிருப்பதாகச் செய்தி வந்தது. ஆலைக்குத் திருப்பி அனுப்பப்பட்ட பாட்டில்கள் சமவெளிக்கு வந்து சேர்வதற்குள் தெளிந்துவிட்டன. குளிர் காரணம் என்று குறித்துக்கொண்டு புகார்க் கோப்பை மூடினார்கள். காரணம் குளிர்தான், ஆனால் அதே குளிரில் முந்தைய ஆண்டுகளின் சரக்கு ஏன் மங்கவில்லை என்ற கேள்வி எழுப்பப்படவில்லை.

மார்ச்சில் வெயில் ஏறியதும் வேலூர்ப் பக்கமிருந்து எதிர்மாறான புகார் வந்தது. ஷாம்பு தண்ணீராக ஓடுகிறது, மூடியைத் திறந்து சாய்த்தால் கையில் நிற்காமல் வழிகிறது என்றார்கள். எல்லாப் பாட்டில்களிலும் அப்படி இல்லை என்பதும், ஒரே பேட்ச் எண் கொண்ட பெட்டியிலேயே சில கெட்டியாகவும் சில நீராகவும் இருக்கின்றன என்பதும் சேர்ந்தே சொல்லப்பட்டன. ஆலை தன்னிடம் வைத்திருந்த சேமிப்பு மாதிரியை அளந்தது: 6,100. மாதிரி சரியாக இருக்கிறது, ஆகவே கோளாறு போக்குவரத்திலோ கிடங்கின் சூட்டிலோதான் என்று வாங்குநருக்குப் பதில் எழுதப்பட்டது. வாங்குநர் அதை ஏற்காத நிலையில், ஏப்ரல் முதல் வாரத்தில் என்னை அழைத்தார்கள்.

நான் முதலில் சென்ற தவறான வழி

முதல் இரண்டு நாள்களை நான் பேஸ்ட்டின் மேல் செலவிட்டேன். எஸ்.எல்.ஈ.எஸ். சந்தையில் 28 சதவீதக் கரைசலாகவும் 70 சதவீதப் பேஸ்ட்டாகவும் விற்கப்படுவதற்கும், இடையில் உள்ள செறிவுகளில் விற்கப்படாததற்கும் காரணம் உண்டு. எழுபதில் மூலக்கூறுகள் ஏடுஏடாக அடுக்கப்பட்டு ஒன்றன்மேல் ஒன்று வழுக்குவதால் பம்பில் தள்ள முடிகிறது. அதில் தண்ணீர் சேரச் சேர, நடுவே அறுகோண ஒழுங்கில் நீள்உருளைகள் நெருங்கி அடுக்கப்பட்ட விறைத்த ஜெல் நிலை ஒன்று வருகிறது. அதைக் கடந்த பிறகுதான் ஓடும் கரைசல் கிடைக்கும். பேஸ்ட்டின் மேல் அவசரமாகத் தண்ணீர் விட்டால் அதன் வெளிப்புறம் இந்த விறைத்த நிலைக்குப் போய், உள்ளே தண்ணீர் புகாதபடி மூடிக்கொள்ளும். ஆலைகளில் இதைக் கண்ணாடிக் கட்டி என்பார்கள். டேங்கின் அடியில் அத்தகைய கட்டிகள் கரையாமல் தங்கி, அதனால் சில பாட்டில்களுக்குச் சர்ஃபாக்டன்ட் குறைவாகப் போயிருக்கலாம் என்று கருதினேன்.

கருதியது பொய்த்தது. நீர்த்த பாட்டில்கள் நான்கிலும் கெட்டியான பாட்டில்கள் நான்கிலும் சர்ஃபாக்டன்ட் அளவைத் தரம்பார்த்தோம். எட்டிலும் எஸ்.எல்.ஈ.எஸ். 10.3 முதல் 10.5 சதவீதத்துக்குள் இருந்தது. பி.எச். எட்டிலும் 5.8. அமிலத்தில் எஸ்.எல்.ஈ.எஸ். சிதைந்திருந்தால் பி.எச். இறங்கியிருக்கும், அதுவும் இல்லை. ஆனால் 25 டிகிரி நீர்த்தொட்டியில் வைத்து அளந்தபோது, ஒரே பேட்ச்சின் இந்த எட்டுப் பாட்டில்களும் 2,100 இல் தொடங்கி 7,400 வரை பரவியிருந்தன.

கண்ணாடிக் குவளையில் தெரிந்தது

வழியைத் திருப்பியது சாஷே இயந்திரத்தில் இருந்த மூத்த பணியாளரின் சொல். ஆலையில் அனைவரும் அவரை அண்ணன் என்றே அழைப்பார்கள். "பழைய சரக்கு முனையிலிருந்து நூல் விட்டுக்கிட்டே வரும் சார், சீல்ல ஒட்டிக்கும்; ஜனவரிக்கு அப்புறம் அப்படி இல்ல, வெட்டிவிட்ட மாதிரி விழுது, எங்களுக்கு வேலை சுலபமாத்தான் போச்சு" என்றார். பாகுத்தன்மை அதே 6,000, ஆனால் நூல் விடவில்லை. அளவீடு ஒன்றாக இருக்கும்போதே இழுபடும் தன்மை மாறியிருக்கிறது என்றால் உள்ளே இருக்கும் கட்டமைப்பு வேறு என்றுதான் பொருள்.

அன்று மாலை நீர்த்த பாட்டில் ஒன்றிலிருந்து இரண்டு கண்ணாடிக் குவளைகளில் நூறு நூறு கிராம் எடுத்தோம். முதல் குவளையில் அரை கிராம் உப்பைச் சிறிது நீரில் கரைத்து விட்டுக் கண்ணாடிக் கோலால் கலக்கினோம். ஏற்கனவே நீர்த்திருந்தது மேலும் இளகி, கோலை எடுத்ததும் சொட்டுச் சொட்டாக விழுந்தது. இரண்டாவது குவளையில் வெறும் தண்ணீர் ஐந்து கிராம் விட்டோம். கலக்கக் கலக்கக் கோல் கனத்தது. எடுத்தபோது அதன் நுனியில் தடித்த வால் ஒன்று தொங்கியது. குமிழிகள் அடங்கிய பின் அளந்தால் 3,200. மேலும் ஐந்து கிராம் தண்ணீருக்குப் பிறகு 4,000. தண்ணீர் ஊற்றக் கெட்டியாகும் ஷாம்புவைப் பார்த்த அண்ணன், குவளையை வாங்கித் தாமே ஒருமுறை கலக்கிப் பார்த்தார்.

அடுத்த மூன்று நாள்களில் பழைய வாசனையுடனும் புதிய வாசனையுடனும் தனித்தனியே உப்பு வளைவு வரைந்தோம். ஒரே அடிக்கலவையில் உப்பை 0.2 சதவீதமாக உயர்த்திக்கொண்டே போய், ஒவ்வொன்றையும் ஒரு நாள் வைத்திருந்து 25 டிகிரியில் அளந்தோம். பழைய வாசனையில் மொத்த உப்பு 2.2 சதவீதம் இருக்கும்போது பாகுத்தன்மை உச்சத்தைத் தொட்டது. புதிய வாசனையில் உச்சம் 1.85 இலேயே வந்துவிட்டது. அதைத் தாண்டியதும் வளைவு செங்குத்தாக இறங்கியது. 6,000 என்ற அளவீடு புதிய வளைவில் இரண்டு இடங்களில் கிடைத்தது: ஏறும் பக்கத்தில் 1.5 சதவீதத்தில் ஒருமுறை, இறங்கும் பக்கத்தில் ஏறத்தாழ 2.25 இல் இன்னொருமுறை.

மொத்த உப்பு என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. பீட்டெய்ன் தயாரிக்கும் வினையில் சாதாரண உப்பு துணைப் பொருளாக உருவாகிக் கரைசலிலேயே தங்கிவிடுகிறது. பழைய விற்பனையாளரின் சான்றிதழில் அது 4.8 சதவீதம், புதியவருடையதில் 5.9. பத்து சதவீதப் பீட்டெய்ன் பயன்படுத்தும் ஒரு டன் பேட்ச்சில் இது முறையே 4.8 கிலோவும் 5.9 கிலோவும் ஆகிறது. டிசம்பர் வரை 12.5 கிலோ போட்டபோது உண்மையில் இருந்தது 17.3 கிலோ, அதாவது 1.73 சதவீதம்; பழைய வளைவின் ஏறும் பக்கம். ஜனவரித் தாள்களில் 12, பிறகு 2, பிறகு 2.5 என்று மூன்று தவணையாக 16.5 கிலோ எழுதப்பட்டிருந்தது. பீட்டெய்னின் பங்கையும் கூட்டினால் 22.4 கிலோ, 2.24 சதவீதம், புதிய வளைவின் இறங்கும் பக்கம். தாளில் இருந்தது 16.5 என்ற எண் மட்டுமே. அது அனுமதித்த வரம்புக்குள்தான் இருந்தது.

உள்ளே நிகழ்வது

எஸ்.எல்.ஈ.எஸ். மூலக்கூறுக்கு நீரை நாடும் தலையும் எண்ணெயை நாடும் வாலும் உண்டு; தலைப்பகுதி எதிர்மின்னேற்றம் உடையது. தலைகள் ஒன்றையொன்று விலக்குவதால் அவை இடைவெளி விட்டு நின்று சிறு உருண்டைகளாக, அதாவது கோள மைசெல்களாக அமைகின்றன. உப்பின் சோடியம் அயனிகள் இந்த விலக்கத்தை மறைக்கும்போது தலைகள் நெருங்குகின்றன. தலைக்குக் கிடைக்கும் பரப்பு குறைந்தால் திரளின் வடிவம் கோளத்திலிருந்து உருளைக்கு மாறும் என்பதை இஸ்ரேலாச்விலி, மிட்செல், நின்ஹாம் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1976 இல் ஓர் எளிய விகிதமாகவே வகுத்துக் கொடுத்தார்கள்: வாலின் கன அளவை, தலையின் பரப்பும் வாலின் நீளமும் சேர்ந்த பெருக்கலால் வகுத்தால் வரும் எண் மூன்றில் ஒன்றுக்குக் கீழே இருந்தால் கோளம், மூன்றில் ஒன்றுக்கும் இரண்டில் ஒன்றுக்கும் இடையில் உருளை, அதற்கு மேல் ஒன்றுவரை ஏடு.

உருளைகள் நீண்டு புழுக்களைப்போல் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதுதான் ஷாம்புவின் கெட்டித்தன்மை. இந்தப் புழுக்கள் பாலிமர்ச் சங்கிலிகளைப்போல் நிலையானவை அல்ல. இடைவிடாமல் முறிந்து மீண்டும் இணைபவை. 1987 இல் இயற்பியலாளர் கேட்ஸ் இவற்றின் ஓட்டத்தை விளக்கிய கோட்பாடு இந்த முறிதலையும் இணைதலையும் கணக்கில் கொண்டது. உச்சத்தைத் தாண்டி உப்பு ஏறினால் புழுக்களில் கிளைகள் முளைக்கின்றன. கிளை பிரியும் கணு புழுவின் நீளத்தில் வழுக்கி நகரக்கூடியது என்பதால் சிக்கல் எளிதில் அவிழ்ந்து, இழுவிசை விரைவாகத் தளர்ந்துவிடுகிறது. அண்ணன் கண்ட, நூல் விடாமல் வெட்டிக்கொண்டு விழும் ஒழுக்கு இதனுடன் பொருந்துகிறது. இன்னும் உப்பு ஏறினால் கரைசல் மங்கிப் பிரியத் தொடங்கும். குளிர் அந்த எல்லையை முன்னால் இழுத்துவரும். உதகையில் தெரிந்தது அதுதான்.

வாசனைக்கு இதில் என்ன வேலை என்று ஆலையில் பலமுறை கேட்டார்கள். வாசனை எண்ணெயின் கூறுகள் மைசெலுக்குள்தான் குடியேறுகின்றன. லினாலூல் போன்ற, தலையும் வாலும் ஓரளவு உள்ள மூலக்கூறுகள் சர்ஃபாக்டன்ட் தலைகளுக்கு இடையில் செருகிக்கொண்டு, உப்பு செய்யும் வேலையின் ஒரு பகுதியைத் தாமே செய்துவிடுகின்றன. உச்சம் குறைந்த உப்பிலேயே வருகிறது. லிமோனீன் போன்ற எண்ணெய்த் தன்மை மிகுந்தவை மைசெலின் மையத்துக்குப் போய் அதை வீங்கவைக்கும். டைப்ரொப்பிலீன் கிளைக்கால் போன்ற கரைப்பான் மிகுந்த வாசனைகள் ஜெல்லைத் தளர்த்தும். பழைய வாசனையில் கரைப்பான் அதிகம். புதியதில் குறைவு, லினாலூல் அதிகம். 0.6 சதவீதம் மட்டுமே சேர்க்கப்படும் ஒரு பொருள் உச்சத்தை இவ்வளவு தூரம் நகர்த்தும் என்பது மருந்துக்குச் சேர்க்கும் தேன் மருந்தையே மாற்றுவது போன்றது. நானே வளைவை வரையாமல் நம்பியிருக்க மாட்டேன்.

பாட்டிலுக்குப் பாட்டில் வேறுபட்டதற்கு டேங்க் காரணம். 12 கிலோவிலேயே உச்சத்தை நெருங்கிய சரக்கு டேங்கில் இறுகி, துடுப்பு அதைப் புரட்டத் திணறியிருக்கிறது. உப்பு மேலிருந்து கல்லாகவே கொட்டப்பட்டது. பத்து நிமிடத்தில் அடி வால்விலிருந்து எடுத்த மாதிரியில் அந்த உப்பு இன்னும் போய்ச் சேரவில்லை. மாதிரியும் 32 டிகிரிச் சூட்டிலேயே அளக்கப்பட்டது. குறைவாகக் காட்டியதும் இன்னும் உப்பு போட்டார்கள். மறுநாள் காலை ஆய்வகத்தில் 6,200 வந்ததும் பேட்ச் தேறியது. வெள்ளி நைட்ரேட் கொண்டு தரம்பார்த்ததில் எட்டுப் பாட்டில்களின் உப்பு 2.1 முதல் 2.6 சதவீதம் வரை இருந்தது. செங்குத்தான சரிவில் நிற்கும்போது இந்த அரை சதவீத வேறுபாடே கெட்டிக்கும் நீருக்கும் இடையிலான தூரம்.

எடுத்த முடிவுகள்

டேங்கிலும் மூடிய பேரல்களிலும் 2,600 கிலோ சரக்கு இருந்தது. தண்ணீர் விட்டால் கெட்டியாகும் என்று தெரிந்ததும், உரிமையாளர் அதையே செய்துவிடலாம் என்றார். செலவில்லாத வழிதான். ஆனால் சர்ஃபாக்டன்ட் அளவும் பாதுகாப்புப் பொருளின் அளவும் குறைந்துவிடும் என்பதால் மறுத்தேன். அதற்குப் பதிலாக, உப்புப் போடாத புதிய அடிக்கலவை தயாரித்தோம். அதில் பீட்டெய்ன் வழி வந்த 0.59 சதவீத உப்பு மட்டுமே இருக்கும். பழையது 55 பங்கு, புதியது 45 பங்கு என்று கலந்தால் மொத்த உப்பு 1.5 ஆகிறது. கணக்குப்படி ஏறத்தாழ 2,130 கிலோ அடிக்கலவை தேவைப்பட்டது. நுண்ணுயிர்ச் சோதனை முடிவு வந்த பின்னரே கலந்தோம். சந்தையிலிருந்து திரும்பிய பாட்டில்கள் எதையும் இதில் சேர்க்கவில்லை; அவை அழிக்கப்பட்டன.

நிரந்தரத் தீர்வாக, சூட்டில் அவ்வளவு இளகாத பாலிமர் வகைக் கெட்டிப்படுத்தி ஒன்றைச் சேர்க்க விரும்பினேன். பி.ஈ.ஜி. 150 டைஸ்டியரேட் போன்றவற்றை உருக்கிச் சேர்க்கச் சூடான டேங்க் வேண்டும். இங்கே அது இல்லை. ஆகவே உப்பையே நம்பி, ஆனால் உச்சத்திலிருந்து விலகி நிற்பது என்று முடிவாயிற்று. பாகுத்தன்மை வரையறையை 4,000 முதல் 6,000 வரை என்று தளர்த்த வாங்குநரிடம் கேட்டோம். கெட்டியாக இருந்தால்தான் ஷாம்பு நல்லது என்று வாடிக்கையாளர் நினைப்பார் என அவர் தயங்கினார். கெட்டித்தன்மைக்கும் அழுக்கு நீக்கும் திறனுக்கும் தொடர்பில்லை என்பது அவருக்கும் தெரியும். விற்பனையின் கவலை வேறு. கடைசியில் இரண்டு பாட்டில்களை 40 டிகிரியில் வைத்து அருகருகே சாய்த்துக் காட்டிய பிறகே இசைந்தார்.

பேட்ச் தாளில் "தேவைக்கேற்ப" நீக்கப்பட்டது. பீட்டெய்ன் சான்றிதழில் உள்ள உப்பைக் கழித்து, மொத்தம் 1.45 சதவீதத்துக்கு வரும் எடை ஒவ்வொரு பேட்ச்சுக்கும் முன்கூட்டியே எழுதப்படும். உப்பு 25 சதவீதக் கரைசலாக, அரை மணி நேரத்தில் சிறிது சிறிதாக விடப்படும். டேங்கின் மேல், நடு, அடி மூன்றிலும் மாதிரி எடுத்து நீர்த்தொட்டியில் 25 டிகிரிக்குக் கொண்டுவந்த பிறகே அளக்கப்படும். அளவீடு குறைந்தாலும் பணியாளர் உப்புச் சேர்க்கக் கூடாது. ஆய்வகத்தை அழைக்க வேண்டும்.

தொடர்ந்து நடந்தவை

மே முதல் ஆகஸ்ட் வரை செய்த பேட்ச்களில் மூன்று மாதிரிகளுக்கும் இடையிலான வேறுபாடு 300 சென்டிபாய்ஸுக்கு மேல் போகவில்லை. நீர்த்துப்போன புகார் அதன் பிறகு வரவில்லை. சாஷே வரிசையில் மட்டும் நூல் விடும் தொல்லை திரும்பிவந்தது. இரண்டு வாரம் சீல் கசிவு அதிகமாக இருந்தது. முனையின் வெட்டும் வால்வை மாற்றி, நிரப்பும் வேகத்தைச் சற்றுக் குறைத்த பிறகு அடங்கியது. இதை நான் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை.

இனி மாற வேண்டியவை

மீண்டும் இப்படி ஒரு பணி வந்தால், சர்ஃபாக்டன்ட் அளவைத் தரம்பார்ப்பதற்கு முன் குவளையை எடுப்பேன். இரண்டு நாள் வேலை பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும். உதகைப் புகாரைப் போன்ற தெளிவின்மைப் புகார் எதையும், தானே தெளிந்துவிட்டது என்பதற்காக மூடக் கூடாது. ஐந்து டிகிரியில் ஒரு நாள் வைத்துப் பார்க்கும் சோதனையை ஆலை இப்போது எல்லாப் பேட்ச்சுக்கும் செய்கிறது. நிரப்பும் நேரத்தின் நடுவில் மட்டும் எடுத்த ஒரே சேமிப்பு மாதிரிதான் ஆலையைத் தன் தவற்றைக் காணாதபடி செய்தது. தொடக்கத்திலும் முடிவிலும் எடுக்க வேண்டும். வாசனை மாறும்போதெல்லாம் உப்பு வளைவை மீண்டும் வரைய வேண்டும் என்பதை வாங்குநர் ஒப்பந்தத்திலேயே சேர்த்திருக்கிறார். அதற்கு ஆகும் ஒரு வாரத் தாமதத்தை விற்பனைப் பிரிவு இன்னும் முழுமனதாக ஏற்கவில்லை.

குவளைச் சோதனை பேட்ச் தாளில் ஒரு கட்டமாக இடம்பெற்றுவிட்டது. நூறு கிராமில் சிறிது உப்புக் கரைசல் விட்டுக் கெட்டியானால் "ஏ", இளகினால் "இ" என்று எழுதுகிறார்கள்: ஏற்றம், இறக்கம். செப்டம்பரில் ஒரு தாளில் "இ" விழுந்தது. பாகுத்தன்மை 5,300, வரையறைக்குள். பழைய முறையில் அந்தப் பேட்ச் அன்றே நிரப்பப்பட்டிருக்கும். விசாரித்ததில், கரைசல் தயாரித்த தொட்டியில் முந்தைய பேட்ச்சின் மிச்சம் கொட்டப்படாமல் இருந்தது தெரிந்தது. அடுத்த அடிக்கலவை உப்பில்லாமல் தயாராகும்வரை அந்த டேங்க் நான்கு நாள் காத்திருந்தது.